மழிக்கப்படாத மீசை

நாமக்கல்லில் சேலம் ரோட்டு மேலே, ஒரு டயர் கடை மாடியில், பிரிசில்லா டீச்சர் சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். டீச்சருக்கு வயசு இருபத்தாறு. படிக்க வந்த நாங்கள் எல்லோரும் கழுதை வயசு. நான் லாரிக்குப் பேர் எழுதும் பெயிண்டர். ஒரு முதலாளியின் லாரியில் ஸ்பெல்லிங்கைத் தப்பாக எழுதி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு போய்ச் சேர்ந்தேன். செங்கோடன் அண்ணன் முட்டை லாரி டிரைவர். ஐம்பத்தாறு வயசு. அவர் எதற்காகச் சேர்ந்தார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அண்ணன் ஒடிசா பக்கம் முட்டை ஏற்றிப் போனபோது லாரி வாய்க்காலில் கவிழ்ந்தது. யாரோ தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்தொன்பது நாள் நினைவே இல்லை.

கண் விழித்ததும் அவர் கை முதலில் மீசைக்குத்தான் போனது. முப்பது வருஷ மீசை. பெற்ற மகளைக்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்திருக்க மாட்டார். மீசை இருந்தது. கன்னமும் தாடையும் அன்று காலைதான் மழித்த மாதிரி வழவழப்பாக இருந்தன. மீசையை மட்டும் விட்டுவைத்து, இரண்டு நுனியையும் ஒரே அளவாக வெட்டியிருந்தார்கள்.

"யாரு செஞ்சதுன்னு கேட்டனுங்க. என் பாஷை அவங்களுக்குப் புரியலை. சிரிச்சாங்க. நாலு நாள் கழிச்சு ஊருக்கு அனுப்பிட்டாங்க" என்றார் எங்களிடம்.

ஊருக்கு வந்தால் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. இவர் சும்மா இருந்திருக்கலாம். சம்பந்தி வீட்டார் முன்னால் எழுந்து நின்று, "என்னை அப்புடிப் பார்த்தவங்க பேரைத்தான் என் பேரனுக்கு வைக்கோணும்" என்று சொல்லிவிட்டார்.

பொம்பளைப் பேராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கொஞ்சம் திருத்திக்குவோம்" என்றார்.

அந்தப் பேரைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வேண்டும். தானே எழுதித் தருவதாக டீச்சர் சொன்னார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "என் நன்றியை இன்னொருத்தர் கையில எழுதி வாங்குறதாங்க? நல்லாருக்காது" என்றார். ஆக, ஏ பி சி டி-யில் ஆரம்பித்து மூன்று மாதம் படித்தார். ஆள் முரட்டுப் பிடிவாதம்.

கடிதம் எழுத உட்கார்ந்த அன்று முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"அவங்க எனக்குச் சவரம் செஞ்சாங்கன்னு எழுதோணும். யாரு அந்த அவங்க?"

டீச்சர் போர்டில் எழுதினார். ஐ வாஸ் ஷேவ்டு மோர் கேர்ஃபுல்லி.

"நான் இன்னும் கவனமா மழிக்கப்பட்டேன்" என்று தமிழில் சொன்னார்.

"தமிழ்ல இப்புடி எவனாவது பேசுவானுங்களா?"

"பேச மாட்டாங்கண்ணா. இங்கிலீஷ்ல எழுதுவாங்க."

அண்ணன் போர்டை முறைத்தார். "செஞ்சவங்க எங்கீங்க இதுல?"

"இல்லீங்க."

"இன்னும் கவனமான்னா, எதைவிட?"

"அதையும் சொல்லலீங்க."

"தலையும் இல்ல, வாலும் இல்ல. ஆளே இல்லாம ஒரு வேலை தானா நடக்குமுங்களா டீச்சர்?"

டீச்சர் தன் டிபன் டப்பாவைத் திறந்தார். சாயங்காலத்துக்கு வைத்திருந்த அவித்த முட்டை ஒன்று இருந்தது. அதை எடுத்து அண்ணன் நோட்டின் மேல் வைத்தார்.

"நீங்க லோடு ஏத்திப் போனா எத்தனை உடையும்?"

அண்ணன் முகம் மலர்ந்தது. "மத்தவன் ஓட்டுனா நூத்துக்கு நாலு. நம்ம வண்டியில ஒண்ணு உடையறதே அதிசயமுங்க. பள்ளம் எங்க இருக்குன்னு எனக்குத் தூக்கத்துலகூடத் தெரியும்."

"அந்த முட்டையைத் தின்ன புள்ளைங்களுக்கு உங்க பேரு தெரியுமா?"

"எப்புடித் தெரியும்? தெரியாட்டி என்னங்க, உடையாமப் போய்ச் சேர்ந்துச்சில்ல?"

"அதைத்தாண்ணா எழுதச் சொல்றேன்."

அண்ணன் அந்த முட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, கோணல் எழுத்தில் அந்த வரியை எழுதினார். எதைவிட என்ற இடத்துக்குத் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்த்தார். 'முப்பது வருஷமாக நானே மழித்துக்கொண்டதைவிட.' படித்துப் பார்த்த டீச்சர் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

கடைசியில், 'பேர் மட்டும் சொல்லுங்கள், என் பேரனுக்கு வைக்க வேண்டும்' என்று முடித்துத் தபாலில் போட்டார்.

ஒரு மாதம் ஆகியும் பதில் வரவில்லை. குழந்தையை எல்லோரும் 'டேய்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பந்திக்குப் பொறுமை போய்விட்டது. வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பேர் வைத்தே ஆக வேண்டும், உங்களிடம் பேர் இல்லையென்றால் நாங்கள் வைக்கிறோம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை பதில் வந்தது. அண்ணன் உறையைப் பிரிக்காமல் வகுப்புக்குக் கொண்டுவந்தார். டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். அன்று அவர் வழக்கமான தமிழில் சொல்லவில்லை. இங்கிலீஷ் வரி இருந்தபடியே, செய்த ஆள் இல்லாமல் சொன்னார்.

"நீங்கள் மாலை நாலு மணிக்குக் கொண்டுவரப்பட்டீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கப்பட்டீர்கள். முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. தினமும் துடைக்கப்பட்டீர்கள். வலது தோள் முறிந்திருந்ததால், அந்தப் பக்கம் இன்னும் மெதுவாகத் துடைக்கப்பட்டது."

அண்ணன் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உங்கள் மூக்கில் குழாய் போடப்பட்டது. குழாயைப் பிளாஸ்டர் ஒட்டித்தான் நிறுத்துவது வழக்கம். மீசை மேல் பிளாஸ்டர் நிற்காது. அதனால் எல்லோருக்கும் மீசை மழிக்கப்படும். உங்களுடையது மழிக்கப்படவில்லை. குழாய் துணி நாடாவால் தலையைச் சுற்றிக் கட்டப்பட்டது. நாடா நழுவும் என்பதால், மற்றவர்களுடையதைவிட உங்கள் குழாய் அடிக்கடி பார்க்கப்பட்டது. மணிக்கு ஒருமுறை."

"மணிக்கு ஒருக்காவா?" என்றேன் நான். என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பத்தொன்பது நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று மனசு கணக்குப் போட்டது.

"ஏனுங்க டீச்சர்? மழிச்சிருந்தா சுலபமாப் போயிருக்குமே. நானா கேட்டேன்? எனக்குத்தான் நினைவே இல்லையே" என்றார் அண்ணன்.

டீச்சர் அடுத்த வரியைப் படித்தார்.

"நீங்கள் யாரென்று தெரியவில்லை. ஆனால் அந்த மீசை மிகக் கவனமாக வளர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது."

அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

கொஞ்சம் தெளிந்ததும் கேட்டார். "பேரு?"

"பத்தொன்பது நாளில் முப்பத்தெட்டுப் பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். எந்த நாள் எந்தக் கை என்று எழுதிவைக்கப்படவில்லை. மன்னிக்கவும். இப்படிக்கு, நாலாம் வார்டு."

"அவ்வளவுதானா?"

"இந்தப் பக்கம் அவ்வளவுதான்."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. மேசையில் ஓங்கித் தட்டினார். "நாலாம் வார்டுன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களே, அதையா என் பேரனுக்கு வைப்பேன்? நாளன்னைக்குச் சம்பந்தி மூஞ்சியில எப்புடி முழிப்பேன்? கடவுள் மாதிரிச் செஞ்சுபோட்டு, பேரை மட்டும் ஒளிச்சு வெச்சுக்கிட்டா நான் என்னதான் பண்றது?"

கோபத்திலேயே அழுதார். மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

டீச்சர் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்திலும் எழுதியிருந்தது. அதைத் தனக்குள் படித்தார். ஒருமுறை படித்து, மறுபடியும் படித்தார்.

"அண்ணா, உங்களைச் சேர்த்தப்போ உங்க பேரு அவங்களுக்குத் தெரியுமா?"

"எங்க தெரியும்? பர்ஸு, போனு, லைசென்ஸு எல்லாம் வாய்க்காலோட போச்சு. பன்னெண்டாம் நாள் லாரி ஆபீஸ்ல விசாரிச்சு, என் சம்சாரம் வந்து சேர்ந்த அப்புறம்தான் தெரியும். அவளையும் வார்டுக்குள்ள விடாம வெளியவே உட்கார வெச்சுட்டாங்க."

"அதுவரைக்கும் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க?"

"ஏழாம் நம்பர் கட்டிலுங்க. ஏழுன்னு சொல்லியிருப்பாங்க. வேறென்ன?"

டீச்சர் படித்தார். "உங்கள் பேர் தெரியும்வரை நீங்கள் எண்ணால் அழைக்கப்படவில்லை. முதல் நாளே உங்கள் கட்டிலில் மாட்டிய சீட்டில் ஒரு பேர் எழுதப்பட்டது. யார் எழுதியது என்று தெரியவில்லை. புரட்டும்போதும் துடைக்கும்போதும் அந்தப் பேர் சொல்லியே கூப்பிடப்பட்டீர்கள். ஜீவன்."

அண்ணன் அந்தப் பேரை உதட்டால் மட்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"அது, எனக்கு வெச்ச பேருங்களா?" என்று கேட்டார் கடைசியில்.

டீச்சர் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"உங்களுக்கு வெச்சதுதாண்ணா. வெள்ளிக்கிழமை உங்க பேரனுக்குக் குடுத்துடுங்க."