கிணற்றடிக் கோரை

தெய்வசிகாமணிக்கு வயது அறுபது. அவருடைய குரு மங்கையம்மாளுக்கு நாற்பதுதான். ஆனாலும் உப்பங்கழிக் கரையில் இருக்கும் அம்மாவின் மடத்தில் தினமும் முதல் ஆளாக வந்து உட்காருபவர் தெய்வசிகாமணிதான். நல்ல மனுசர். ஊர் வாய்க்கு மட்டும் ரொம்பப் பயம்.

அன்றைக்கு அவரால் உட்காரவே முடியவில்லை.

"நேத்தும் தையல்நாயகி போன் பண்ணுச்சும்மா. 'அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு ஒரே அழுகை. மாப்பிள்ளை குடிச்சிட்டுக் கை நீட்டுறாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அனுசரிச்சுப் போம்மான்னேன். கட்டிக்கொடுத்த பொண்ணைத் திரும்பக் கூட்டிவந்தா ஊர் சிரிக்காதா? நம்ம கழிக்கோரையைப் பாருங்க. வேறெந்தப் புல்லும் முளைக்காத உப்பு மண்ணு. அது பாட்டுக்கு நிக்குது. உப்பு பழகிப்போச்சு. என் பொண்ணுக்கும் பழகிடும். சரிதானேம்மா?"

அம்மா தலையாட்டுவார் என்று பார்த்தார். அம்மா ஆட்டவில்லை.

"முப்பது வருசமா கோரை அறுக்குறீங்கல்ல? கிணத்தடியில ஒண்ணு நிக்குது. என்ன கோரைன்னு பார்த்துச் சொல்லுங்க."

அவருக்கு இதென்ன பெரிய பரீட்சை? கிணற்றடிக்குப் போனார்; அம்மாவும் பின்னாலேயே வந்தார். துணி துவைக்கிற தண்ணீர் ஓடிப் பாயும் இடத்தில், நெஞ்சு உயரத்துக்குக் கரும்பச்சையாக ஒரு புதர்.

"இது நல்ல தண்ணிக் கோரைம்மா. வேற சாதி. கழிக்கோரை முழங்காலைத் தாண்டாது."

"கிழங்கைப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

குந்தி உட்கார்ந்து விரலால் மண்ணைப் பறித்தார். நெல்லிக்காய் பருமனில் கறுப்பாக ஒன்று கையோடு வந்தது. துடைத்தார். உருட்டி உருட்டிப் பார்த்தார். தொழில் தெரிந்த கை, ஏமாறாது.

"அட கடவுளே! நம்ம கழிக்கோரைல்ல இது!"

"போன ஐப்பசியில நான்தான் கரையிலேர்ந்து பிடுங்கிவந்து நட்டேன்."

தெய்வசிகாமணி நிமிர்ந்து அந்தப் புதரின் உச்சியைப் பார்த்தார்.

"அப்ப அந்த உப்புல இத்தனை காலமும், கஷ்டப்பட்டுக்கிட்டாம்மா நின்னுச்சு?"

மங்கையம்மாள் கிழங்கை அவர் கையிலிருந்து வாங்கி, மறுபடி மண்ணில் வைத்து மூடினார்.

"கோரைக்கு வாயில்லண்ணே, அது கேக்கல. உங்க பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு."