முதலாளி நாற்காலியை நகர்த்தினார்

கோவில்பட்டியில் ரைஸ்மில் முதலாளி ஆவுடையப்பன் தன் பழைய மாடி வீட்டை விலைக்குச் சொல்லியிருந்தார். நர்ஸ் ஞானசெல்வி தன் வாழ்நாள் சேமிப்பையெல்லாம் போட்டு அதை வாங்க வந்தாள். வீட்டைச் சோதித்துச் சொல்ல தங்கபுஷ்பத்தையும் கூட்டி வந்தாள். தங்கபுஷ்பம் இருபது வருஷம் சித்தாளாகக் கல் சுமந்து, பிறகு வீடு சோதிக்கும் இந்தத் தொழிலைப் படித்தவள்.

முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “சித்தாளா என் வீட்டுக்குக் குறை சொல்றது? சரி, சொல்லு பார்ப்போம். ஆனா சுவரைத் தட்டக் கூடாது, எதையும் தொடக் கூடாது, கூடத்தை விட்டு நகரவும் கூடாது!”

“ஆகட்டும் ஐயா. செல்வியக்கா மட்டும் மொட்டை மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடட்டும். நீங்க கூடத்து நடுவுல நாற்காலி போட்டு உட்காருங்க. நான் சும்மா நிக்கிறேன்.”

முதலாளி புதுப் பட்டுச்சட்டையோடு கம்பீரமாக உட்கார்ந்தார். மேலே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினார். பிறகு இன்னொரு முழம். கடைசியில் வாசற்படிக்கே போய்விட்டார்.

ஞானசெல்வி இறங்கி வந்ததும் தங்கபுஷ்பம் சொன்னாள்: “அக்கா, கூடத்து நடுவுல ஒழுகும்.”

“ஒரு சொட்டுகூட விழலையே!” என்று கத்தினார் முதலாளி.

“வீட்டைப் பத்தி எனக்கு என்ன ஐயா தெரியும்? நல்லாத் தெரிஞ்ச நீங்களே நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்களே!”

ஞானசெல்வி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மொட்டை மாடித் தளத்தைச் செப்பனிட்டுக் கொடுத்த பிறகே கிரயம் நடந்தது.

மறுவாரம் தங்கபுஷ்பத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

“ஏம்மா, மகனுக்கு மதுரையில ஒரு வீடு பார்த்திருக்கேன். நீ வந்து பார்த்துச் சொல்லாம நான் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன்.”