பாதி வீட்டுக்குப் பாதி தாடி

பொன்வயல் நாட்டை மதிவர்மர் ஆண்ட காலத்தில் சடையாண்டி என்றொரு கட்டட மேஸ்திரி இருந்தான். கூலி என்றால் கை நீளும். வேலை என்றால் படுத்துக் கால் நீளும். இந்த மாதிரி ஆளை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெயர்தான் வேறு.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிய அன்றே முகத்தில் கத்தி வைப்பதை நிறுத்திவிடுவான். வீடு முடிந்தால்தான் மழிப்பான். "என் தாடி போச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அரண்மனைச் சமையல்காரி செங்கமலம், பதினைந்து வருஷம் அடுப்பில் வெந்து சேர்த்த காசை இவனை நம்பிக் கொடுத்தாள். வீடு எழும்பியது. எப்படி? அடுக்களைக்குக் கூரை இல்லை. கொல்லைப்புறத்துக்குக் கதவு இல்லை. மாடிப்படி நாலாவது படியோடு நின்றது. அதற்குமேல் போக இறக்கை வேண்டும். கேட்டால் ஒருநாள் மணல் வரவில்லை. ஒருநாள் சித்தாள் திருவிழாவுக்குப் போய்விட்டாள். ஒருநாள் அவனுக்கே பல்வலி.

இன்னும் பத்தாம் நாள் செங்கமலத்தின் மகளுக்கு அந்த வீட்டில்தான் கல்யாணம். கையில் இருந்தது கடைசித் தவணை ஐம்பது பொன். அதையும் கொடுத்துவிட்டால் மேஸ்திரி திரும்பிப் பார்ப்பானா? முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

சடையாண்டி நேரே சபைக்குப் போய் அரசரிடம் அழுதான்.

"மகாராஜா! உழைச்ச கூலியைத் தரமாட்டேங்கிறா!"

"வீடு முடியலையே மகாராஜா!" என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தாள் செங்கமலம். "அடுக்களையில நின்னா ஆகாசம் தெரியுது!"

"வெளிச்சத்துக்குத்தான் அப்படி விட்டேன். மீதி எல்லாம் சில்லறை வேலை. பணம் கொடு, ரெண்டு நாள்ல வர்றேன்."

அரசருக்கோ அவசரம். ராணிக்கு ஊஞ்சல் மண்டபம் கட்ட இந்தச் சடையாண்டிதான் வரவேண்டும். "அம்மா, நாளைக் காலை பணத்தைக் கொடுத்துவிடு" என்று முடித்துவிட்டார்.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அமைச்சர் வெண்காடர் மெல்ல எழுந்தார். சந்தையில் மாட்டுத் தரகு பண்ணி முன்னுக்கு வந்த மனுஷர். பேச்சில் அவரை மடக்க ஆள் கிடையாது.

"மேஸ்திரியாரே, வீடு முடிஞ்சுதுங்கிறீங்க. தாடி மட்டும் தொங்குதே?"

சபை சிரித்தது. சடையாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாளைக்கு மழிச்சுட்டு வந்து வாங்கிக்கறேன்!"

"பேஷ். அரண்மனை நாவிதர் மருதப்பனே வருவார். நானே அனுப்பிவைக்கிறேன்."

மறுநாள் காலை, அரண்மனைக் குளக்கரையில் மருதப்பன் கத்தியைத் தீட்டினார். இடது கன்னம் வழவழவென்று ஆயிற்று. இடது பக்கத்து மீசையும் போயிற்று. அப்புறம் மருதப்பன் கத்தியைத் துடைத்துப் பெட்டியில் போட்டார்.

"யோவ், எங்கே கிளம்பிட்டே?"

"முடிஞ்சுதுங்க மேஸ்திரி. கூலியைக் கொடுங்க."

"வலது பக்கம்?"

"அது சில்லறை வேலை. ரெண்டு நாள்ல வர்றேன்."

"இப்பவே எடுய்யா!"

"கத்திக்குச் சாணை பிடிக்கணும். சாணைக்காரன் திருவிழாவுக்குப் போயிட்டான். எனக்கும் காலையிலேருந்து பல்வலி."

சபை கூடும் முரசு முழங்கிவிட்டது. தாமதித்தால் பணம் போய்விடுமே என்ற பயம். சடையாண்டி துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினான். பின்னாலேயே மருதப்பன், "கூலி! கூலி!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

"அதென்ன துண்டு? எடு" என்றார் அரசர்.

எடுத்தான்.

ஒரு பக்கம் வாழைத்தண்டு. மறுபக்கம் கரடி. சபையில் ஒருவர் ஆசனத்திலிருந்து உருண்டே விழுந்தார்.

"மகாராஜா, பாதியில விட்டுட்டுக் கூலி கேக்கறான் இவன்!" என்று குதித்தான் சடையாண்டி. "அரைகுறையா விட்டவனுக்கு எந்த ஊர்ல கூலி கொடுப்பாங்க? மொத்தமும் முடிக்கட்டும், அப்புறம் வாங்கட்டும்!"

"எழுத்தரே, எழுதிக்கொண்டீரா?" என்று கேட்டார் வெண்காடர்.

"எழுதிவிட்டேன் ஐயா."

"மகாராஜா, தீர்ப்பு ஆகிவிட்டது. சொன்னது மேஸ்திரியார். எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை."

அரசருக்கு இப்போதுதான் உறைத்தது.

"வீடு முடியும்வரை இவன் முகத்தில் யாரும் கத்தி வைக்கக் கூடாது! அவனும் வைக்கக் கூடாது! முடிந்தால் ஐம்பது பொன்னும் உண்டு, மீதிச் சவரமும் உண்டு."

அன்றைக்கே மணல் வந்தது. சித்தாள் வந்தாள். பல்வலி பறந்தது. கதவு ஏறியது. படிகள் மளமளவென்று மாடியைத் தொட்டன. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று சிரிக்க, சடையாண்டி விடிந்தது முதல் பொழுது சாயும்வரை சாரத்தைவிட்டு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை அரசரே பார்க்க வந்தார். வாசலில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. அடுக்களைக் கூரையில் கடைசி வரிசை ஓடு ஏறிக்கொண்டிருந்தது. செங்கமலம் சிரித்த முகமாய் மோர் கொண்டுவந்தாள்.

அரசர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வெண்காடரே, கட்டுகிற வீட்டில் திருஷ்டி பொம்மை ஒன்று தொங்குமே, காணோமே?"

"தொங்கியது மகாராஜா. நான்தான் கழற்றச் சொன்னேன். ஒரு வீட்டுக்கு ரெண்டு எதற்கு?" கூரையைக் காட்டினார் வெண்காடர். "அதோ, ஓடு வேய்கிறது பாருங்கள்."

அரசர் குடித்த மோர் மூக்கில் ஏறியது. சிரித்துச் சிரித்து, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி வெண்காடருக்குப் போட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே உத்தரவு போட்டார்:

"ராணியின் ஊஞ்சல் மண்டபத்தைச் சடையாண்டியே கட்டட்டும். மேற்பார்வைக்கு மருதப்பனை நியமித்தோம். கத்தியோடு வரட்டும்!"