வடை எண்ணெயில் ஓடிய கார்

"உட்கார்ந்தா மனசு உட்கார மாட்டேங்குதும்மா."

இதைச் சொல்லும்போதும் தெய்வசிகாமணி நின்றுகொண்டுதான் இருந்தார்.

கல்வராயன் மலைச்சரிவில் இருந்தது உமையாள் அம்மையின் ஆசிரமம். அங்கே வந்து சேருமுன் சிகாமணி கீழே ஊரில் அரிசி ஆலை நடத்தியவர். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம்.

"தியானத்துக்கு மணி அடிச்சா முதல் ஆளா வந்து உட்கார்றேன். கண்ணை மூடினதும் ஆலை ஓட ஆரம்பிச்சுடுது. இது எனக்கு வராதுன்னா, தை பிறந்ததும் ஊருக்கே போயிடறேன்."

"மணி அடிக்கும்போது எங்கே இருப்பீங்க?" என்று அம்மை கேட்டார்.

"கொட்டகையில. இல்லேன்னா தோட்டத்துல. ஏதாவது வேலையிலதான். ஆனா மணிச் சத்தம் அடங்கறதுக்குள்ள வந்து உட்கார்ந்துடுவேன்."

அம்மை தலையசைத்தார்.

பதில் கிடைக்காததால் சிகாமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆசிரமத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சமையற்கட்டுக்குப் பின்னால் சமையல்காரி காசாம்பு பழைய பாமாயிலைக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தாள். பௌர்ணமி அன்னதானத்துக்கு வடையும் அப்பளமும் பொரித்த எண்ணெய் அது.

நடை நின்றது. நேரே அம்மையிடம் திரும்பினார்.

"நம்ம டீசல் காரை அந்த எண்ணெயிலயே ஓட்டலாம்மா."

"ஓடுமா?"

"ஓட வைக்கலாம்."

"செய்யுங்க."

செய்தி காசாம்புவுக்கும் எட்டியது. "ஏன் சாமி, வண்டிக்கு வடை எண்ணெய் ஊத்தினா நாளைக்கு அது சட்னி கேக்காதா?"

"கேட்டா அரைச்சுக் கொடு."

"கண்ணு தெரிஞ்சா அரைக்க மாட்டேனா? எனக்கு இப்ப உளுந்தும் அரிசியும் ஒண்ணாத்தான் தெரியுது."

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் நாள் குறித்திருந்தார்கள்.

சிகாமணி எண்ணெயைக் காய்ச்சி அதிலிருந்த ஈரத்தைப் போக்கினார். பழைய வேட்டியில் வடிகட்டித் தகரத்தில் ஊற்றினார். இனி அது அசையாமல் இருந்து தெளிய வேண்டும். அவரோ தகரத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வண்டல் கலங்கியது.

ஒருவழியாகத் தெளிந்தது. காரின் பின்புறம் இரண்டாவது டாங்க் ஒன்றைப் பொருத்தினார். என்ஜினைச் சுற்றிவரும் சுடுநீர் அந்த டாங்க்குக்குள்ளும் போய் வரும்படி செப்புக் குழாயை வளைத்து வைத்தார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திருகு. மேலே திருப்பினால் டீசல் வரும். கீழே திருப்பினால் எண்ணெய் வரும்.

அம்மையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"முதல்ல டீசல்ல கிளப்பணும். சூடானதும் எண்ணெய்க்குத் திருப்பணும். வந்து நின்ன பிறகு மறுபடி டீசலுக்குத் திருப்பி, கொஞ்ச நேரம் ஓட விட்டு அப்புறம் அணைக்கணும்."

"நின்ன பிறகு எதுக்கு ஓடணும்?"

"குழாயில இருக்கிற எண்ணெய் தீரணும்மா. அப்படியே அணைச்சா ராத்திரிப் பனியில உறைஞ்சு அடைச்சுக்கும்."

"சரிதான்" என்று சொல்லி, அம்மை அந்தத் திருகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை சிகாமணி காரை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தார். ஓடியது. போகிற வழியெல்லாம் வடை மணந்தது. காசாம்பு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, "நம்ம வண்டிதான் வருது!" என்றாள். அவர் இன்னொரு சுற்றுப் போனார். அதன் பிறகு இன்னொன்று.

கொட்டகைக்குள் வந்து பிரேக் போட்டபோது மணி அடித்தது.

சாவியைத் திருகி அணைத்தார். ஓடினார். மணிச் சத்தம் அடங்குமுன் போய் உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடினார். உள்ளே கார் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை மார்கழிப் பனி கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றது. மருத்துவமனைக்குப் போகக் காசாம்பு வெளுத்த சேலை கட்டி, பையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

சிகாமணி சாவியைத் திருப்பினார். என்ஜின் முனகியது. கிளம்பவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும் முனகல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிக்கொண்டே இருந்தார். முனகல் வரவரத் தேய்ந்தது.

"இன்னைக்கு விட்டா பொங்கல் கழிச்சுத்தான்னாங்க சாமி" என்றாள் காசாம்பு.

"தெரியும் காசாம்பு! பேசாம இரு!"

"என்னைத் திட்டுங்க, பரவாயில்ல. வண்டியைத் திட்டாதீங்க. அது என் சட்டி எண்ணெய் குடிச்ச வண்டி."

அம்மை வந்தார். கையில் குளிக்க வைத்திருந்த வெந்நீர் அண்டா.

"பேட்டரி சாகப்போகுது. சாவியை விடுங்க."

விட்டார். அம்மை முன்மூடியைத் திறக்கச் சொன்னார். எண்ணெய் வருகிற, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்க்குள் அது வெள்ளையாக, உறைந்த நெய்போல நின்றது.

"நேத்து டீசலுக்குத் திருப்பலையா?"

"மணி அடிச்சுடுச்சும்மா."

அம்மை குழாயைச் சுற்றித் துணியைக் கட்டி, வெந்நீரைச் சொம்பில் மொண்டு மெல்ல ஊற்றினார். சிகாமணி அண்டாவைத் தூக்கப் போனார்.

"மொத்தமா கவுத்தா குழாய் விட்டுப்போகும். இந்தாங்க, நீங்க ஊத்துங்க."

ஊற்றினார். கை பறந்தது, அடக்கிக்கொண்டு ஊற்றினார். வெள்ளை மெல்ல மஞ்சளாயிற்று. பிறகு ஒரு குமிழி நகர்ந்தது. இப்போது திருகை டீசலில் வைத்துச் சாவியைத் திருப்பியதும் என்ஜின் இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

மூவரும் மலையிறங்கினார்கள். மருத்துவமனையில் அன்றைக்குக் கடைசியாகக் கூப்பிட்ட பெயர் காசாம்புவுடையது.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சிகாமணி ஓட்டினார். பக்கத்தில் அம்மை. பின்சீட்டில் ஒரு கண்ணில் கட்டோடு காசாம்பு.

கார் கொட்டகைக்குள் வந்து நின்றது. சிகாமணி திருகை டீசலுக்குத் திருப்பினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது.

அவர் கை சாவிக்குப் போனது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். பிறகு பக்கத்தில் பார்த்தார். அம்மை அசையவில்லை. அவர் போய் அமராமல் அங்கே தியானம் தொடங்குவதில்லை.

"மணி அடிக்குதும்மா."

"கேக்குது."

பின்னாலிருந்து காசாம்பு கேட்டாள்: "வண்டிதான் வந்து நின்னுடுச்சே சாமி. இன்னும் எதுக்கு உள்ள ஓடிக்கிட்டே இருக்கு?"

"குழாயில இருக்கிறது தீரணும் காசாம்பு" என்றார் சிகாமணி.

வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சாவியிலிருந்து கை இறங்கி மடியில் தங்கியது. மலையில் மணிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அது அடங்குவதை அவர் அன்றுதான் முழுதாகக் கேட்டார்.

வெகுநேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

"எவ்வளவு நேரம்மா இப்படி?"

"குழாயில என்ன மிச்சம் இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றார் அம்மை.