குடக்கார சூசையும் உருளைக்குளத்து ஜீப்பும்

உருளைக்குளம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புது ஜீப் வந்த அன்றைக்கே ஊருக்குச் சனி பிடித்தது. ஜீப்போடு மேலிடத்து உத்தரவு ஒன்றும் வந்திருந்தது. மூன்றே வரி. குற்றவாளியை ஜீப்பில் விரட்டிப் பிடிக்க வேண்டும். விரட்டும்போது வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது. பொதுமக்களை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்.

எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். வாசிக்கப் போகிறவர்கள் யாரென்று அவருக்குத் தெரியாது, பாவம்.

ஸ்டேஷனில் இருந்தது மூன்று பேர். எஸ்.ஐ. திருமேனிநாதன், ஏட்டு சங்கிலிப்பாண்டி, ஜீப் ஓட்டும் கான்ஸ்டபிள் ராசப்பன். மூவரும் உத்தரவை மனப்பாடம் செய்தார்கள். புரிந்துகொள்ள வேண்டும் என்று அதில் போடவில்லை, அதனால் அதைச் செய்யவில்லை.

மறுநாள் காலை சந்தையில் உலகு என்கிற ஆள் ஒரு கோழியைத் திருடிக்கொண்டு ஓடி வந்து, அங்கே ரோந்து வந்த போலீஸ்காரர்கள் மூன்று பேர் மேலும் நேராக மோதி நின்றான். ஏட்டு கையை நீட்டினார்.

"பிடிச்சிரட்டுமாய்யா?"

"எப்படிப் பிடிப்பீரு? ஜீப்பு எங்க இருக்கு?" என்றார் எஸ்.ஐ.

"ஸ்டேஷன்ல நிக்குய்யா."

"அப்ப ஸ்டேஷனுக்கு நடங்க. ஏல உலகு, நீ ஓடிக்கிட்டே இரு. இந்தா வந்துருதோம்."

அவர்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தபோது உலகு சோடாக் கடையில் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தான். ஜீப் எண்பதில் அவனைத் தாண்டியது.

"அந்தா நிக்கான்யா!" என்று கத்தினார் ஏட்டு.

"வழியில நிறுத்தக் கூடாதுல்லா. விடும் ராசப்பா!"

விட்டார். எதிரே சூசை சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பிளாஸ்டிக் குடம் விற்கிறவர். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நாற்பது குடத்தைச் சுற்றிக் கட்டியிருப்பார். ஒரு மைல் தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும். அவரைத்தான் ராசப்பன் கண்ணில் படாமல் ஜீப் இடித்தது. நாற்பது குடமும் நாற்பது பக்கம் பறந்தன. சூசை சாக்கடையில் கிடந்தார். வலது முழங்கை பெயர்ந்துவிட்டது. நிறுத்தக் கூடாது என்பதால் ஜீப் நிற்கவில்லை. பெட்ரோல் தீர்ந்த இடத்தில்தான் நின்றது.

கையில் கட்டோடு சூசை புகார் கொடுக்கப் போனார். ஏட்டு பேனாவைத் திறந்தார்.

"ஜீப்பு வரும்போது நீரு எங்கன இருந்தீரு?"

"ரோட்டோரமாத்தான்யா."

"அதுக்கும் அங்கிட்டு?"

"சாக்கடைய்யா."

"அப்ப சாக்கடைக்குள்ள இருந்திருக்கலாம்லா?"

"இடிச்ச பிறகு அதுக்குள்ளதான்யா கிடந்தேன்."

"பார்த்தீரா, லேட்டாப் போயிருக்கீரு" என்று எழுதி மூடினார்.

இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் எஸ்.ஐ. நியாயஸ்தர். மூன்றாவது வரியை விட்டுவிட்டோமே என்று அவருக்கு உறுத்தியது.

"சூசையை யாரும் எச்சரிக்கலையே. ஜீப்புக்கு முன்னால ஒராள் போய் ஜனங்ககிட்ட சொல்லணும்."

"ஜீப்பு எண்பதுல வருதுய்யா. சொல்லுத ஆளு தொண்ணூறுலல்லா போகணும்?" என்றார் ஏட்டு.

"போங்க."

உலகும் கோழியும் இன்னும் ஊருக்குள்தான் இருந்தார்கள் என்பதால் அடுத்த வாரம் மறுபடி விரட்டல் நடந்தது. ஏட்டு மோட்டார் சைக்கிளில், "ஜீப்பு வருது, ஓரம் போங்க!" என்று கத்திக்கொண்டே தொண்ணூறில் பறந்தார். டெய்லர் கடை மிஷினைத் தூக்கி எறிந்தார். பஸ்ஸுக்கு நின்ற நாலு பேரைப் படுக்க வைத்தார். ஓரமாகப் போன சூசையை ஓரத்திலேயே இடித்தார். இந்தத் தடவை இடது முழங்கால்.

"ஜீப்பு வருதுன்னு சொன்னேன்லா?" என்றார் ஏட்டு.

"நீங்க வாறீங்கன்னு யாருய்யா சொன்னா?" என்று அழுதார் சூசை.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டை அங்கேதான் இருந்தது. ஏட்டு வருவதைச் சொல்ல எஸ்.ஐ. தம்முடைய மோட்டார் சைக்கிளில் நூறில் போவதென்று முடிவாயிற்று.

சூசை ராத்திரியெல்லாம் யோசித்தார். உருளைக்குளத்தில் அந்த ஜீப் இடிக்காத இடம் எது? ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. மறுநாள் சைரன் கேட்டதும், நாற்பது குடத்தோடு சைக்கிளை நேரே ஸ்டேஷனுக்குள் தள்ளிக்கொண்டு போய் லாக்கப்பில் ஏறிக்கொண்டார். பின்னாலேயே டெய்லர் வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நொண்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் மூச்சிரைக்க உலகு, கோழியோடு.

ஆளில்லாத ஊரை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு மூன்று பேரும் பூரிப்போடு திரும்பினார்கள். ஒருவருக்கும் அடியில்லை. லாக்கப்பில் உலகு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, விலங்கை மாட்டுங்க."

"விரட்டாமப் பிடிச்சா பிடிச்சதா ஆகுமால?" என்றார் எஸ்.ஐ. " வெளிய வந்து ஓடு."

"பிள்ளை குட்டிக்காரன்யா நான். அந்த ரோட்டுலயா ஓடச் சொல்லுதீங்க?"

எஸ்.ஐ. தலையில் கை வைத்தார். அதுவரை வாயே திறக்காத ராசப்பன் மெல்லச் சொன்னார்: "அவன் ஜீப்புகிட்ட வரலைன்னா, ஜீப்பு அவன்கிட்ட போகட்டுமேய்யா."

எஸ்.ஐ.க்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மூளையை இத்தனை நாள் ஸ்டியரிங்கில் வீணடித்திருக்கிறோமே!

ராசப்பன் ஜீப்பைக் கிளப்பப் போனார். ஏட்டு முறைப்படி எச்சரித்தார்: "பொதுமக்களே, உள்ள ஜீப்பு வருது!" எல்லாரும் பின்வாசல் வழியாகத் தெறித்தார்கள். சூசையின் சைக்கிள் மட்டும் வாசலில் மாட்டிக்கொண்டது.

"விட்டுட்டு ஓடும்வே!" என்று கத்தினார் டெய்லர்.

"கை போச்சு, காலும் போச்சு. இதுவும் போச்சுன்னா எதை உருட்டிச் சோறு திங்க?" சூசை கட்டுப் போட்ட கையாலேயே இழுத்தார். குடங்கள் நசுங்கி நெளிந்து சைக்கிள் வெளியே வந்தது. மறு நிமிஷம் முன்சுவரும் லாக்கப்பும் கூரையும் ஒன்றாக உட்கார்ந்தன. இடிபாட்டுக்குள்ளிருந்து ராசப்பன் முழுசாக வெளியே வந்தார். அப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஏட்டு புழுதியைத் தட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். பக்கத்தில் இருந்த சாட்சி சூசைதான்.

"ஜீப்பு வரும்போது கட்டிடம் எங்கன இருந்துச்சு?"

"ரோட்டோரமாத்தான்யா."

"அதுக்கும் அங்கிட்டு?"

"சாக்கடைய்யா."

ஏட்டு உச்சுக் கொட்டிக்கொண்டே எழுதினார். எஸ்.ஐ. எட்டிப் பார்த்துப் பதறினார். "மத்த கட்டிடங்களையாவது முன்கூட்டி எச்சரிக்கணுமேய்யா! பள்ளிக்கூடம், தபாலாபீஸ், ஆஸ்பத்திரி… எடுங்க வண்டியை!"

மோட்டார் சைக்கிள்கள் இரண்டும் உறுமின. சூசை சைக்கிளைப் பதனமாகச் சாக்கடைக்குள் இறக்கி, குடங்களைச் சரிசெய்து, தானும் இறங்கினார்.

உள்ளே ஏற்கெனவே உலகு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க அண்ணாச்சி, இப்படி ஓரமா இருங்க. கோழியை மட்டும் மிதிச்சிராதீங்க. பாவம், பயத்துல இன்னைக்கு மூணு முட்டை போட்டிருக்கு."