மேலே ஒரு கண், கீழே ஒரு கண்

அந்தக் காலத்தில், மரத்தில் இருப்பவையும் மண்ணில் இருப்பவையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த நாளில், மலையடிவாரத்து ஏரிக்கரை ஒன்றில் பச்சையம்மா என்ற பச்சோந்தி வாழ்ந்து வந்தாள். அப்போதெல்லாம் அவளுக்கு இரண்டு கண்களும் சேர்ந்து ஒரே பக்கம்தான் பார்க்கும். ஆனால் பார்த்தால் பார்த்ததுதான். ஒரு பூச்சியைப் பார்க்க ஆரம்பித்தால், அந்தப் பூச்சிக்கே கூச்சம் வந்து எழுந்து போகும்வரை பார்ப்பாள். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவாள். ஏரிக்கரையில் எந்த வழக்கு வந்தாலும், பச்சையம்மா பார்த்தாளா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

அவள் குடியிருந்தது ஓர் ஆவாரம் புதரில். தலைக்கு மேலே ஒரு கருவேல மரம் கிளை விரித்து நின்றது. அந்தக் கிளையில் கூடு கட்டியிருந்தவன் நாரப்பன் என்ற தூக்கணாங்குருவி. மரத்தின் வேருக்குப் பக்கத்தில் வளை தோண்டிக் குடியிருந்தவன் செதிலாண்டி என்ற அலுங்கு. உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில் மூடியிருக்க, எறும்பையும் கறையானையும் தின்று பிழைத்தவன் அவன். நாரப்பனுக்கு வாய் ஓயாது. செதிலாண்டியோ கேட்டால்தான் பேசுவான், பேசினாலும் பாதியில் நிறுத்திவிடுவான். பருந்து வந்தால் நாரப்பன் மேலிருந்து குரல் கொடுப்பான், பச்சையம்மா இலைக்குள் பதுங்கிக்கொள்வாள். செதிலாண்டி மண்ணைப் பறித்தால் பூச்சிகள் கிளம்பும், அவளுக்கு அன்றைய சாப்பாடு ஆகிவிடும். இப்படி இருவராலும் அவள் பொழுது போய்க்கொண்டிருந்தது.

ஒரு வருடம் மழை பொய்த்தது. ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. ஆடி மாதத்துக் காற்று வேறு புழுதியை வாரி இறைத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் காலையில் அந்தக் காற்றில் கருவேலங்கிளை மளுக்கென்று ஒடிந்தது. நாரப்பனின் கூடு குஞ்சுகளோடு காய்ந்த ஏரித்தரையில் போய் விழுந்தது. ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை.

ஏரிக்கரையே துக்கம் கேட்க வந்தது. நாரப்பன் ஒடிந்த கிளைமேல் உட்கார்ந்திருந்தான். கூட்டிலிருந்து பிரிந்த ஒரு நாரை அலகால் திரும்பத் திரும்ப நீவினான். பிறகு, "உலகத்தை நெய்தவன் கைக்கே என் பிள்ளைங்க திரும்பிப் போயிட்டாங்க" என்றான். கூடியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

செதிலாண்டி அந்தக் கிளையை முகர்ந்துகொண்டு நின்றான். கெட்ட எண்ணம் எதுவும் அவனுக்கு இல்லை. கறையான் வாசம் மூக்கில் ஏறியதும் அவனுக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டான். "யாரும் எடுத்துக்கலை. கிளைக்குள்ளே கறையான். போன வருஷமே அரிக்க ஆரம்பிச்சிருக்கு. காத்து தள்ளினதும் ஒடிஞ்சிடுச்சு."

பச்சையம்மா கிளையின் முறிந்த வாயைப் பார்த்தாள். உள்ளே பொந்தாக இருந்தது. செதிலாண்டி சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் அதைக் கேட்ட நாரப்பனின் முகத்தையும் அவள் பார்த்தாள்.

"அப்போ இந்த மலையையும் வானத்தையும் உண்டாக்கினது யாரு? அதுவும் கறையான்தானா?" என்று கேட்டான் நாரப்பன்.

அப்போதாவது செதிலாண்டி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லியே பழகியவன். யாரும் உண்டாக்கவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து படிந்து தானாக ஆனது, வளைக்குள் வந்து பார்த்தால் எவனுக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டான்.

துக்க வீடு சண்டை வீடாயிற்று. இறக்கை உள்ளவை எல்லாம் நாரப்பன் பக்கம் சேர்ந்தன. நெய்கிறவன் இல்லாமல் கூடு ஏது, படைத்தவன் இல்லாமல் உலகம் ஏது என்று அவை கேட்டன. வளையில் வாழ்கிறவை செதிலாண்டி பக்கம் போயின. தோண்டிப் பார்க்காதவனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று அவை திருப்பிக் கேட்டன. நாளாக ஆக, உலகம் எப்படி வந்தது என்பது போய், யார் யாரோடு தண்ணீர் குடிப்பது என்பதில் வந்து நின்றது. குட்டையின் ஒரு கரையில் பறவைகள், மறு கரையில் வளைவாசிகள். பருந்து வந்தபோது பறவைகள் குரல் கொடுக்காமல் தங்கள் பாட்டுக்கு ஒளிந்துகொண்டன. முயல் ஒன்று அதற்கு இரையாயிற்று. மணிப்புறாவின் கூட்டுக்குப் பாம்பு ஏறியபோது, கீழே கிடந்த கீரி பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இனிப் பொறுப்பதற்கில்லை என்று ஏரிக்கரைக்குத் தலைமையாக இருந்த பெரிய மிளா கூட்டம் கூட்டியது. கொம்பு கிளைத்த கிழட்டு மான் அது, யாருக்கும் பயப்படாது. இருவரில் யார் சொல்வது உண்மை என்று பச்சையம்மா பார்த்துச் சொல்லட்டும், யார் சொல் பொய்யாகிறதோ அவன் ஏரிக்கரையை விட்டு வெளியேறட்டும் என்று முடிவு சொல்லிவிட்டது. அடுத்த தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அந்த வெயிலில் குருவியும் போய்ச் சேராது, அலுங்கும் போய்ச் சேராது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பக்கமும் சம்மதம் என்று கத்தியது.

பச்சையம்மா முதலில் செதிலாண்டியின் வளைக்குள் இறங்கினாள். அதுவரை அவள் மண்ணுக்குள் போனதில்லை. செதிலாண்டி முன்னால் போய்ச் சுவரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். மேலே கறுப்பு வண்டல், ஏரி போட்டது. அதன் கீழே மணல், ஏரிக்கு முன்னால் ஓடிய ஆறு போட்டது. அதற்கும் கீழே சிப்பியும் சங்குமாக ஒரு பட்டை வந்தது. ஒரு சங்கைப் பெயர்த்து அவள் கையில் கொடுத்து, இது உப்புத் தண்ணீரில் வாழ்ந்தது, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கிறது என்றான். கடைசியில் பாறை வந்தது. கஞ்சி கொதித்து ஆறியதுபோல அதன்மேல் குமிழ் குமிழாக இருந்தது.

"இது ஒரு காலத்துல தண்ணியா ஓடின கல்லு. தொட்டுப் பாரு" என்றான்.

தொட்டாள். கல் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.  இத்தனை காலம் தன் புதருக்குக் கீழே கடலும் நெருப்பும் படுத்துக் கிடந்ததா என்று நினைத்தாள். இவன் தோண்டியிருக்காவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்றும் நினைத்தாள்.

"முதல் பட்டை வந்து படியறதுக்கு முன்னாடி என்ன இருந்தது?" என்று கேட்டாள்.

செதிலாண்டி பாறையை நகத்தால் சுரண்டினான். அது கொஞ்சமும் அசையவில்லை. "என் நகம் அங்கே எட்டலை" என்றான். அவள் கேட்காமலே இன்னொன்றும் சொன்னான். "அன்னைக்கு நான் சொன்னது பொய்யில்லை அக்கா. ஆனா கிளை ஏன் ஒடிஞ்சதுன்னு அவன் அன்னைக்கு என்னைக் கேக்கலை."

வளையை விட்டு வெளியே வந்ததும் அவன் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, முன்கைகள் இரண்டையும் நெஞ்சருகே சேர்த்து வைத்துக்கொண்டான். அலுங்குகள் அப்படி நிற்பதைப் பலமுறை பார்த்திருந்தும் அன்றுதான் பச்சையம்மா கேட்டாள், யாரைக் கும்பிடுகிறாய் என்று. அவனுக்கே தெரியவில்லை. அந்தச் சூட்டைத் தொட்டுவிட்டு வந்தால் கை தானாகச் சேர்ந்துகொள்கிறது என்றான்.

அடுத்தது நாரப்பன். அவன் வேறொரு கிளையில் புதுக்கூடு தொடங்கியிருந்தான். பச்சை நார் கிடைக்காத காலம், காய்ந்த நாரை அலகில் நனைத்து நனைத்துப் பின்னிக்கொண்டிருந்தான். உலகத்தை நெய்தவன் முதல் முடிச்சை எங்கே போட்டான் என்று பச்சையம்மா கேட்டாள். எனக்கெப்படித் தெரியும், நான் பக்கத்தில் இருந்தேனா என்றான் அவன். பிறகு குரல் தணிந்து சொன்னான். "காத்து அடிக்கும்போது கூட்டுக்குள்ளே இருந்தா, யாரோ தாங்கிப் பிடிச்சிருக்கிற மாதிரி இருக்கும். அதைக் காட்டச் சொன்னா என்னால காட்ட முடியாது. அது இல்லைன்னா மறுபடியும் ஒரு கூடு கட்ட எனக்குத் தெம்பு இல்லை."

பேசிக்கொண்டே அடுத்த சிறு கிளைக்குத் தாவியவன், நாரைச் சுற்றுவதற்கு முன்னால் அலகால் கிளையைத் தட்டினான். காதைச் சாய்த்துக் கேட்டான். உள்ளே பொந்தாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போட்டான். தான் தட்டியதைப் பச்சையம்மா கவனித்துவிட்டாள் என்று அவனுக்கும் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த நாரை எடுத்தான்.

தீர்ப்பு நாளில் வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மரமெல்லாம் பறவைகள், தரையெல்லாம் வளைவாசிகள். நடுவில் ஒரு பட்ட கட்டையின்மேல் பச்சையம்மா. எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றித்தான் அவளால் பேச முடியும், அது அவள் வழக்கம். மேலே கூட்டையும் அதற்கு அப்பால் வானத்தையும் பார்த்தாள். யாரோ தாங்கியிருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். தரையில் கூச்சல் எழுந்தது. குனிந்து வளையைப் பார்த்தாள். பட்டை பட்டையாகப் படிந்து வந்ததை அல்லவா நான் தொட்டேன் என்று ஆரம்பித்தாள். மரத்தில் கூச்சல் எழுந்தது. மீண்டும் மேலே பார்த்தாள், மீண்டும் கீழே பார்த்தாள்.

மிளா குளம்பால் தரையைத் தட்டியது. "ஒரே இடத்தைப் பார்த்துச் சொல்லு. இப்போ நீ எந்தப் பக்கம் பார்க்கிறியோ அதுதான் தீர்ப்பு."

பச்சையம்மா கண்களை மூடிக்கொண்டாள். மூடுவதற்கு முன்னால் இரண்டைப் பார்த்திருந்தாள். செதிலாண்டி ஏற்கெனவே மலைப் பாதையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான். நாரப்பனோ ஜெயிக்கப் போகிறவன்போல இல்லாமல், கூட்டின் வாயில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். இவள் மேலே பார்த்தால் ஒருவன் சாக வேண்டும். கீழே பார்த்தால் இன்னொருவன். எங்கேயும் பார்க்க மாட்டேன் என்று சொல்லலாம்தான். அப்படிச் சொன்னால் கல்லின் சூட்டையும் பார்க்கவில்லை, குருவியின் நெஞ்சையும் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். அவள் வாழ்நாளில் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னதில்லை.

அவள் வலது கண்ணை மேலே இழுத்தாள். இடது கண்ணைக் கீழே இழுத்தாள். சேர்ந்தே திரும்பிப் பழகிய கண்கள், வர மாட்டேன் என்றன. கட்டையை நகத்தால் பற்றிக்கொண்டு இன்னும் இழுத்தாள். மண்டைக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. வலி கழுத்துவரை இறங்கியது. கண்களைத் திறந்தபோது வானமும் மண்ணும் ஒரே நேரத்தில் அவளுக்குள் வந்து நின்றன. அவள் முன்னும் பின்னுமாக ஆடினாள், விழுந்துவிடுவாள் போலிருந்தது.

"ரெண்டும் தெரியுது" என்றாள். "ஒண்ணு இன்னொண்ணை மறைக்கலை."

 கூட்டம் வெடித்தது. இவள் மண்ணுக்கு விலைபோனவள் என்றன பறவைகள். மரத்துக்குப் பயந்தவள் என்றன வளைவாசிகள். மிளா மட்டும் அந்த இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. ஒரு பக்கம் பார்க்காததால் தீர்ப்பு இல்லை, தீர்ப்பு இல்லாமல் யாரையும் வெளியே அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

வழக்கு முடிந்ததா என்றால், முடியவில்லை. அடுத்த நாள் செதிலாண்டி கருவேல மரத்தடிக்கு வந்து அடிமரத்தை முகர்ந்தான். புதுக்கூடு தொடங்கியிருந்த தெற்குக் கிளை வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னான். நாரப்பன் நாரை அவிழ்த்துக்கொண்டு வடக்குக் கிளைக்குப் போனான். அன்று மாலை பருந்து வட்டமிட்டபோது அவன் முதலில் குரல் கொடுத்தான். முயல்கள் ஓடி ஒளிந்தன. செதிலாண்டி உருண்டையாகச் சுருண்டுகொண்டான். பருந்து போனதும் இருவரும் உலகம் நெய்யப்பட்டதா படிந்ததா என்று மறுபடி ஆரம்பித்தார்கள். மழை வந்து ஏரி நிறைந்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. தண்ணீர் மட்டும் ஒரே கரையில் குடித்தார்கள்.

பச்சையம்மாவின் கண்கள் திரும்பச் சேரவே இல்லை. இரை பிடிக்கும்போது மட்டும் ஒரு நொடி ஒன்றாகக் கூடும், அப்புறம் தன் தன் வழியே போய்விடும். நடக்கக் காலை எடுத்தால், இரண்டு காட்சிகளில் எதில் அடி வைப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஆடிவிட்டுத்தான் வைப்பாள். மழைக்குப் பிறகு அவள் முட்டையிட்டாள். வெளியே வந்த குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் அவளுடைய கண்ணே வாய்த்திருந்தது. நிலையில்லாதவள் என்று ஏரிக்கரை அவளுக்கு வைத்த பெயரும் கூடவே வாய்த்தது. 

அன்று முதல்தான் பச்சோந்தி ஒரு கண்ணை வானத்திலும் ஒரு கண்ணை மண்ணிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தயங்கித் தயங்கி நடக்கிறது.