பட்டியலின் முதல் பெயர்

"செத்தவன் பேரை அழிக்காம வெச்சிருந்தா, பந்து எப்படிண்ணே வலைக்குள்ள போகும்?"

மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒருவர் இப்படிக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பஸ் ஏறிப் போய்விட்டார். பக்கத்தில் நின்றிருந்த என் காதில் அது விழுந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கதை இது. முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

வடசென்னையில் வடகடல் எஃப்.சி. என்றொரு தொழில்முறைக் கால்பந்து அணி. போன வருடம் இரண்டாம் இடம். இந்த வருடம் கோப்பை அவர்களுக்குத்தான் என்று எதிரணி ரசிகர்களே சொன்னார்கள். சீசன் தொடங்க நான்கு நாள் இருக்கும்போது, பயிற்சியாளர் ஞானசேகரன் உடைமாற்றும் அறையின் வெள்ளைப் பலகையில், மேல் மூலையில், பெனால்டி அடிப்பவர்களின் வரிசையை எழுதினார். ஒன்று, ஜெபராஜ். இரண்டு, ரூபன். மூன்று, தஸ்தகீர். அன்று மாலை வீடு திரும்பும் வழியில் ஜெபராஜின் பைக் மீது லாரி மோதியது; அவன் பிழைக்கவில்லை.

அந்தப் பெயரை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு ஞானசேகரன் பலகையைத் துடைத்துப் புதிதாக எழுதுவார். அந்த மூலை வந்ததும், தூங்குகிறவரைச் சுற்றிப் பெருக்குவது போல அவர் கை ஒதுங்கிப் போகும். மூன்றாவது வாரம் ஒருமுறை துணியோடு அங்கே கையை நீட்டினார். அணித்தலைவர் தஸ்தகீர், "சார், இருக்கட்டும்," என்றார். கை இறங்கிவிட்டது. அதற்குள் மையும் காய்ந்து பிடித்துக்கொண்டது. அப்படிக் காய்ந்த மை வெறும் துணிக்குப் போகாது. அதே எழுத்துகளின் மேல் புது மையால் மறுபடி எழுதி, ஈரம் போகும் முன் துடைக்க வேண்டும். பலகையில் எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஆட்டங்கள் தொடங்கின. தஸ்தகீர் தலை நிமிராமலே பந்தை வலப்பக்கம் அனுப்புவார். ஜெபராஜ் ஓடிவரும் இடம் அது. பந்து ஆளில்லாத புல்லில் உருண்டு வெளியே போகும். ஓரத்தில் ஓடும் கலைவாணன் தூக்கிப் போடும் பந்துகள், தூரக் கம்பத்தருகே, இப்போது யாரும் எம்பாத உயரத்தில் கடந்து செல்லும். போன வருடம் பதினான்கு கோல் அடித்த ரூபன், கோலுக்கு முன்னால் வந்ததும் அரை அடி விலகி யாருக்கோ வழிவிடுவான். இந்த வருடம் அவனுக்கு மூன்றே கோல். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வெளியே அடித்திருந்தான்.

"ரூபா, கோல் போஸ்ட்டை யாராச்சும் தள்ளி வெச்சிட்டாங்களாடா?" என்று கேலரியிலிருந்து ஒருவன் கத்துவான். "போஸ்ட் அங்கதான் மாமே இருக்கு. இவன்தான் எங்கயோ இருக்கான்!" என்பான் இன்னொருவன்.

கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் முதல் பிரிவில் நீடிக்கலாம். இல்லாவிட்டால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். இரு அணிக்கும் தலா ஒரு கோல். எண்பத்தெட்டாவது நிமிடம், கோலுக்கு அருகே கலைவாணனை எதிரணிக்காரர் இடறிவிட்டார். பெனால்டி.

விழுந்தவன் அடிக்கக் கூடாது என்பது அந்த அணியின் வழக்கம். விழுந்த காலில் நடுக்கம் மிச்சம் இருக்கும் என்பார்கள். ரூபன் பந்தை வெள்ளைப் புள்ளியில் வைத்தான். பின்னால் நகர்ந்தான். திரும்பிப் பார்த்தான். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு தஸ்தகீரிடம் வந்தான்.

"பாய், என்னால முடியல. பின்னாடி ஜெபா நிக்கிறான்."

"பைத்தியம் மாதிரி பேசாதடா. உனக்கு அப்புறம்தான் என் பேரு. வரிசைன்னா வரிசை. போய் அடி."

"நான் ரெண்டாவது பாய். மொதல்ல அவன் இருக்கான்ல."

நடுவர் விசில் ஊதினார். நொண்டிக்கொண்டே வந்த கலைவாணன் பந்தைப் பிடுங்கினான். "நீங்க பேசிக்கிட்டே இருங்க. நான் அடிக்கிறேன்."

அடித்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி, புல்லில் உருண்டு, அவன் காலடியருகே வந்து நின்றது. அணி இறங்கிவிட்டது.

மறுநாள் காலை அணியின் உரிமையாளரிடமிருந்து ஞானசேகரனுக்கு ஒரு தாள் வந்தது. இதற்குப் பொறுப்பான ஒருவர் வெளியேற வேண்டும்; பெயரை எழுதி, கையெழுத்திட்டு, மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். இப்படி ஒரு சீசனுக்குப் பிறகு வெளியேற்றப்படுகிறவனை வேறெந்த அணியும் சேர்க்காது. ரூபன், தஸ்தகீர், கலைவாணன் மூவருக்கும் அது தெரியும். உடைமாற்றும் அறையில், பலகைக்கு முதுகைக் காட்டி, ஞானசேகரன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"பின்னாடி அவன் நிக்கிறப்ப அடிக்கிற மாதிரி நடிக்க முடியல சார். உள்ளதைச் சொன்னேன்," என்றான் ரூபன்.

"நீங்க எழுதின வரிசை சார் அது. நான் அதை மீறல," என்றார் தஸ்தகீர்.

கலைவாணன் முழங்காலில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தான். "யாரும் அடிக்கப் போகல. நான் போனேன்."

மூவரில் யார் செய்தது சரி? ஞானசேகரன் அந்தத் தாளில் யார் பெயரை எழுதியிருப்பார்?

என்னைக் கேட்டால், சரியாகச் செய்தவன் ரூபன். பந்தைத் திருப்பிக் கொடுத்தவனைச் சரி என்பது கடினம்தான். ஆனால் எட்டு மாதமாக எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டிருந்ததை அவன் ஒருவன்தான் வாய்விட்டுச் சொன்னான். மற்ற இருவரையும் குற்றம் சொல்ல முடியாது. முதல் இடத்தில் இறந்தவன் நிற்கும்போது அடுத்து யார் முறை என்று ஆட்டக்காரர்கள் தீர்மானிக்க முடியாது; அது பட்டியலை எழுதியவரின் வேலை. ஞானசேகரன் தாளில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு எழுந்து, மார்க்கரின் மூடியைத் திறந்து, பலகையின் மேல் மூலையில் காய்ந்து கிடந்த எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக, ஜெபராஜ் என்று மறுபடி எழுதினார். ஈரம் போகும் முன் துடைத்தார்.